கோடைக்கால பேபி ஷவர்: திட்டமிடலும் அலங்காரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பிணியைச் சுற்றி நண்பர்களும் உறவினர்களும் கூடி, பிறக்கப்போகும் குழந்தைக்கு வேண்டிய பொருட்களைப் பரிசளித்து மகிழும் நிகழ்ச்சியே பேபி ஷவர். அதைக் கோடையில் நடத்துகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் பூ, பலூன், கேக் பற்றியவை. ஆனால் எதைக் கேட்டாலும் பதில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: ஏழெட்டு மாத வயிற்றோடு அந்தப் பெண் அந்த இடத்தில், அந்த நேரத்தில், இரண்டு மணி நேரம் சுகமாக உட்கார்ந்திருக்க முடியுமா? கீழே உள்ள எல்லாப் பதில்களையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே எழுதியிருக்கிறேன்.

கர்ப்பத்தின் எந்தக் கட்டத்தில் வைத்துக்கொள்வது நல்லது?

28 முதல் 34 வாரத்துக்குள். அதற்குள் ஆரம்பகால வாந்தியும் சோர்வும் பெரும்பாலானவர்களுக்குத் தணிந்திருக்கும். கடைசி வாரங்களின் கால்வீக்கமும் தூக்கமின்மையும் இன்னும் முழுதாகப் பிடித்திருக்காது. இரட்டைக் குழந்தைகள் என்றால் இன்னும் சில வாரங்கள் முன்னதாகவே நடத்திவிடுங்கள். இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள்.

கடும் வெயில் மாதம் குறுக்கே வருகிறது என்றால் தேதியைத் தள்ளிப்போடுவதைவிட முன்னுக்கு இழுப்பதே மேல். வயிறு பெரிதாகப் பெரிதாக வெக்கையைத் தாங்குவது கடினமாகிக்கொண்டே போகும்.

எந்த நேரம் சரியாக இருக்கும்?

காலை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலின் உக்கிரம் அதிகம். காற்றின் வெப்பம் உச்சத்தைத் தொடுவது நண்பகலில் அன்று, பிற்பகல் 2 மணிக்கு மேல். எட்டரை மணிக்குத் தொடங்கி பத்தரை அல்லது பதினொரு மணிக்குள் முடித்தால் எல்லோரும் முகம் வாடாமல் வீடு திரும்பலாம்.

மாலைதான் வசதி என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிமென்ட் தரையும் செங்கல் சுவரும் பகலெல்லாம் குடித்த வெப்பத்தைப் பொழுது சாய்ந்த பிறகுதான் மெல்ல வெளியே விடும். ஐந்து மணிக்கு வெயில் இறங்கியிருக்கும், ஆனால் மொட்டை மாடியிலோ சிமென்ட் முற்றத்திலோ காலை வைத்தால் அனல் அடிக்கும். புல்தரையும் மரமும் உள்ள இடத்தில் அந்தச் சிக்கல் குறைவு. எதுவானாலும், நிகழ்ச்சிக்குச் சில நாட்கள் முன்பு அதே இடத்தில், அதே நேரத்தில், அரை மணி நேரம் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். நிழல் எந்தப் பக்கம் நகர்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது, எந்த நாற்காலியில் கண் கூசுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மொத்த நிகழ்ச்சி இரண்டு, அதிகம் போனால் இரண்டரை மணி நேரம் போதும்.

வீட்டுக்குள் நடத்துவதா, திறந்த வெளியிலா?

அன்றைய வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்று வானிலை அறிவிப்பு சொன்னால் வீட்டுக்குள்தான். அதற்குக் கீழே என்றால் இரண்டையும் கலந்துகொள்ளலாம்: வரவேற்பும் படம் எடுப்பதும் வெளியே, சாப்பாடும் பரிசுகளும் உள்ளே.

வெளியே என்று முடிவானால் முதல் தேர்வு மர நிழல். இலைகள் நீராவியை வெளிவிடுவதால் மரத்தடியில் காற்றே சற்றுக் குளிர்ந்திருக்கும். துணிப் பந்தல் வெயிலை மறைக்குமே தவிர அந்தக் குளிர்ச்சியைத் தராது. பந்தல்தான் போட முடியும் என்றால் உயரமாகப் போடுங்கள், பக்கங்களை மூடாதீர்கள், வெளிர்நிறப் பருத்தித் துணியை இரண்டு அடுக்காகக் கட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கூரை வேண்டவே வேண்டாம். அதன் அடியில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கி நிற்கும்.

மின்விசிறிகளை நம்பி இறங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காற்றின் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போனால் மின்விசிறி உடலைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கழிவறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். படி ஏறி இறங்கிப் போக வேண்டிய கழிவறை இருந்தும் இல்லாததற்குச் சமம்.

கர்ப்பிணிக்கு வெயில் ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? மற்றவர்களும் அதே வெயிலில்தானே இருக்கிறார்கள்?

அவர் உடல் ஏற்கெனவே கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி மடங்கு கூடியிருக்கும். இதயம் அதற்கேற்ப வேகமாக இயங்குகிறது. குழந்தையின் உடல் உண்டாக்கும் வெப்பமும் தாயின் உடல் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். ரத்தக் குழாய்கள் தளர்ந்திருப்பதால், நெடுநேரம் நின்றாலோ சட்டென்று எழுந்தாலோ ரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றும். உடலில் நீர் குறைந்தால் கருப்பை இறுக்கமும் வரலாம்.

தலைவலி, மயக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகையான வியர்வை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே குளிர்ந்த இடத்துக்கு அழைத்துப் போய், ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் கழுத்தையும் கைகளையும் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினால், மயங்கி விழுந்தால், உடல் கொதித்தால், குழந்தையின் அசைவு குறைந்ததாக அவர் சொன்னால், வலி விட்டு விட்டு வந்தால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். “விழா முடியட்டும்” என்ற பேச்சுக்கே இடமில்லை. யாருடைய வண்டியில் போவது என்பதை முன்கூட்டியே ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

அவர் உட்காரும் இடத்தை எப்படி அமைப்பது?

அலங்காரத்தில் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்த ஓர் இடத்துக்குத்தான். ஆனால் பெரும்பாலான இடங்களில் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் திரைக்குத்தான் எல்லாக் கவனமும் போகிறது. நாற்காலியை யாரும் உட்கார்ந்து பார்ப்பதே இல்லை.

முதலில் நாற்காலி. கைப்பிடி வேண்டும், எழும்போது ஊன்றிக்கொள்ள. மிகவும் தாழ்வாக இருக்கக் கூடாது. தாழ்வான சோபாவில் அமர்ந்தால் எழுப்பிவிட இருவர் வர வேண்டியிருக்கும். இடுப்புக்குப் பின்னால் சிறிய தலையணை, காலுக்கு ஒரு முக்காலி. இரும்பு நாற்காலியை வெயில் படும் இடத்தில் வைத்தால் கைப்பிடியைத் தொடவே முடியாது. வெல்வெட் உறை பார்வைக்கு அழகு, ஆனால் முதுகு வியர்த்துப்போகும். பருத்தி உறை போடுங்கள்.

கை எட்டும் தூரத்தில் ஒரு சிறு மேசை. அதில் மூடியுள்ள தண்ணீர்க் குவளை, கைத்துண்டு, விசிறி. அந்த மேசையில் பூச்சாடி வைத்துவிட்டுத் தண்ணீரை எங்கோ தள்ளி வைக்க வேண்டாம்.

மின்விசிறி முகத்துக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். படம் எடுப்பவர் வெளிச்சத்துக்காக அவரைச் சூரியனைப் பார்த்து உட்காரச் சொல்வார். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைத் தவிர்த்துவிடுங்கள். நிழலில் பரவலாக விழும் வெளிச்சத்தில் முகம் இன்னும் நன்றாகத் தெரியும். அவர் தலைக்கு மேலே கனமான தோரணமோ விளக்கோ தொங்கக் கூடாது. வருகிறவர்களை எழுந்து நின்று வரவேற்க வேண்டியதும் இல்லை. எல்லோரும் அவரிடம் வரட்டும்.

கோடைக்கு எந்த நிறங்கள் பொருந்தும்?

வெளிர்நிறங்கள். வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், கடல் பச்சை, பீச் பழ நிறம் ஆகியவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்து அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடர்நிறத் துணி வெயிலை உறிஞ்சும். அடர்சிவப்புத் திரைக்கு முன்னால் அமர்ந்தால் முதுகில் அதன் வெப்பம் தெரியும். பழங்கள், கடல், மழைத்துளி, தோட்டம் எனக் கருப்பொருள் எதுவாகவும் இருக்கலாம். பெண் குழந்தைக்கு ரோஜா நிறம், ஆண் குழந்தைக்கு நீலம் என்று கட்டிப்போட வேண்டிய அவசியமே இல்லை.

பலூன் வளைவு கட்டலாமா? வெயிலில் வெடிக்கும் என்கிறார்களே?

வெடிக்கும். லேடெக்ஸ் எனும் ரப்பர் பலூனை வெயிலில் வைத்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கட்டும்போது கண்ணாடிபோல் பளபளக்கும். கொஞ்ச நேரத்தில் மேற்பரப்பில் மங்கலான படலம் படிந்து, தூசி ஒட்டியதுபோல் ஆகிவிடும். ரப்பர் காற்றோடும் ஒளியோடும் வினைபுரிவதால் வரும் மாற்றம் அது. உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரியும், வெளித்தோல் பலவீனமாகும், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கத் தொடங்கும். அடர்நிறப் பலூன்கள்தான் முதலில் போகும்.

கட்டியே ஆக வேண்டும் என்றால் நிழலில் மட்டும் கட்டுங்கள். வெளிர்நிறங்களைத் தேர்ந்தெடுங்கள். முழு அளவுக்கு ஊதாமல், உருண்டையாக இருக்கும் நிலையிலேயே நிறுத்துங்கள். பேரிக்காய் வடிவம் வந்துவிட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஊதிய பலூன்களைப் பூட்டி வைக்காதீர்கள். ஹீலியம் நிரப்பிய சாதாரண லேடெக்ஸ் பலூன் அரை நாள், முக்கால் நாள்தான் மிதக்கும் என்பதால் முந்தைய நாளே நிரப்பி வாங்குவது வீண். உலோகப் பூச்சுள்ள பலூன் பறந்து மின்கம்பியில் பட்டால் மின்தடையே ஏற்படலாம். அவற்றுக்கு எடை கட்டி வையுங்கள். எந்தப் பலூனையும் வானத்தில் பறக்க விடாதீர்கள், அது கடைசியில் எங்கோ ஒரு பறவையின் அல்லது ஆமையின் தொண்டைக்குள் போகிறது. வெடித்த துண்டுகளை உடனுக்குடன் பொறுக்குங்கள்; சிறு குழந்தைகள் வாயில் போட்டால் மூச்சடைக்கும்.

என்னைக் கேட்டால், கோடையில் பலூனுக்குப் பதிலாகக் காகித விசிறிகளும் துணித் தோரணமும் போதும். காற்றில் அவை அசைவதே ஓர் அழகு.

பூக்கள் வாடாமல் இருக்க என்ன செய்வது?

பாதி வேலை தேர்விலேயே முடிந்துவிடும். சாமந்தி, செண்டுமல்லி, வாடாமல்லி, கார்னேஷன் ஆகியவை வெப்பத்தைத் தாங்கும். ஹைட்ரேஞ்சியா படத்தில் கொள்ளை அழகு. தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் துவண்டுவிடும். லில்லி, சம்பங்கி போன்ற கனத்த மணமுள்ள பூக்களைக் கர்ப்பிணியின் பக்கத்தில் வைக்கும் முன் அவரிடமே கேளுங்கள். கர்ப்ப காலத்தில் பலருக்கு வாசனை சட்டென்று குமட்டலாக மாறும். வீட்டில் பூனை இருந்தால் லில்லியே வேண்டாம், அதன் மகரந்தம்கூட பூனைக்குக் கொடிய நஞ்சு.

மீதிப் பாதி முந்தைய நாள் வேலை. பூ வந்ததும் தண்டின் நுனியைக் கூர்மையான கத்தியால் சாய்வாக ஓர் அங்குலம் வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளையெல்லாம் கிள்ளிவிட்டு, வாளித் தண்ணீரில் ஆழமாக நிறுத்தி, இருட்டான குளிர்ந்த இடத்தில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் தண்டுகள் விறைப்பாக நிற்கும், இதழைத் தொட்டால் குளிர்ச்சி தெரியும். அந்த நிலையில்தான் சாடியில் அடுக்க வேண்டும். பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கனியும் பழங்கள் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதுமையாக்கும்.

தொட்டிச் செடிகளை அலங்காரமாக வைத்து, முடிந்ததும் விருந்தினர் கையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்து அனுப்புவது எனக்கு மிகவும் பிடித்த வழி.

செலவு அதிகமில்லாமல் அலங்கரிக்க முடியுமா?

முடியும். குழந்தைக்காக வாங்கிய துணிகளையே அலங்காரமாக்குங்கள். ஒரு கயிற்றில் குட்டிக் குட்டிச் சட்டைகள், காலுறைகள், தொப்பிகளை மரக் கவ்விகளால் வரிசையாக மாட்டுங்கள். கட்டைவிரல் அளவுள்ள ஒரு காலுறை அங்கே தொங்குவதைப் பார்த்து உருகாதவர் இருக்க மாட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் துவைத்துக் குழந்தைக்குப் போடலாம், எதுவும் குப்பைக்குப் போகாது.

வெயிலில் உணவு எவ்வளவு நேரம் தாங்கும்?

சமைத்த உணவை அதிகபட்சம் இரண்டு மணி நேரம்தான் வெளியே வைக்கலாம். வெப்பநிலை 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரே மணி நேரம். நோய்க் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரிக்கு இடைப்பட்ட வெப்பத்தில். சூடான உணவு அதற்கு மேலும் குளிர்ந்த உணவு அதற்குக் கீழும் இருந்தாக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பி வைக்காமல் சிறிய தட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து வையுங்கள். குளிர்ந்தவற்றைப் பனிக்கட்டி நிரப்பிய அகலத் தட்டின் மேல் வைக்கலாம்.

கர்ப்பிணிக்குக் கூடுதல் கவனம் தேவை. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் வளரக்கூடியது. தாய்க்கு லேசான காய்ச்சலாகத் தெரிவது குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சாத பாலும் அதில் செய்த பாலாடைக் கட்டியும், வேகாத முட்டை, மீன், இறைச்சி, பச்சை முளைகட்டிய பயறு, வெட்டி நெடுநேரமான பழங்கள் ஆகியவை அவர் தட்டுக்கு வரக் கூடாது. அவருக்கான தட்டை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவது நல்லது. கர்ப்ப கால நீரிழிவு இருக்கிறதா என்பதையும் பட்டியல் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேக் உருகாமல் எப்படிக் காப்பது?

வெண்ணெய்க் க்ரீம் 27 டிகிரியைத் தாண்டினாலே தளரும். வெட்டும் நேரத்துக்குக் கால் மணி முன்பு வெளியே எடுத்தால் போதும். படம் எடுப்பதற்காக ஒரு மணி நேரம் மேசையில் நிறுத்தி வைக்க வேண்டாம். க்ரீம் இல்லாத பழக் கேக் இன்னும் எளிது.

குடிப்பதற்கு?

தண்ணீர்தான் முதலில், நுழையும் இடத்திலேயே வையுங்கள். எலுமிச்சைத் துண்டும் புதினாவும் மிதக்கும் கண்ணாடிச் சாடி அலங்காரமாகவும் ஆகிவிடும். பனிக்கட்டி தலைக்கு அரை கிலோ முதல் முக்கால் கிலோ வரை கணக்கிடுங்கள், உணவைக் குளிர்விக்கத் தனியாக. காபி, தேநீர் பிடித்த கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீன்தான் எல்லை. குளிர்ந்த காபியும் அந்தக் கணக்கில் சேரும்.

வண்ணப் புகை விட்டு ஆணா பெண்ணா என்று அறிவிக்கலாமா?

கோடையில் கூடவே கூடாது. 2020 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில், இப்படிப்பட்ட அறிவிப்புக்காகக் கொளுத்திய புகைக் கருவி காய்ந்த புல்லில் தீப்பற்ற வைத்து, எல் டொராடோ தீ என்று பெயர்பெற்ற பெருங்காட்டுத் தீயானது. 22,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். இந்தியாவிலோ கருவின் பாலினத்தைக் கண்டறிவதும் தெரிவிப்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால் அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

எத்தனை பேரை அழைப்பது, எப்போது?

நான்கு முதல் ஆறு வாரம் முன்பு. எண்ணிக்கையை நிழல் முடிவு செய்யட்டும்: எத்தனை நாற்காலிகள் நிழலில் வசதியாக அடங்குமோ அத்தனை பேர். அழைப்பிலேயே “திறந்த வெளி, பருத்தி உடை நல்லது” என்று ஒரு வரி சேருங்கள்.

குழந்தையை இழந்த தோழியை அழைப்பதா, வேண்டாமா?

அழையுங்கள், ஆனால் பொது அழைப்பாக அனுப்பாதீர்கள். நேரிலோ தொலைபேசியிலோ பேசி, “நீ வந்தால் மகிழ்ச்சி, வர முடியாவிட்டாலும் எனக்குப் புரியும்” என்று சொல்லி முடிவை அவரிடமே விடுங்கள். சொல்லாமல் மறைத்தால் பிறகு படங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அந்த வலி பெரிது. கருத்தரிக்கச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதே மரியாதை வேண்டும். வந்தவர்களிடம் “உனக்கு எப்போது?” என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்வது அழைத்தவரின் கடமை.

விளையாட்டுகள் வேண்டுமா?

இரண்டு போதும், இரண்டும் உட்கார்ந்து ஆடுவதாக இருக்கட்டும். வயிற்றின் சுற்றளவை ஊகிக்கும் விளையாட்டை விட்டுவிடுங்கள். சிரித்துக்கொண்டே கூசிப்போகிறவர்களே அதிகம். விருந்தினர்களின் மழலைப் பருவப் படங்களை மாட்டி யார் யார் என்று கண்டுபிடிப்பது எல்லோருக்கும் பிடிக்கும்.

பரிசாக எதைச் சொல்லலாம்?

துணி வாங்குகிறவர்கள் பருவத்தைக் கணக்கிட வேண்டும். கோடையில் நிகழ்ச்சி என்றால் குழந்தை கோடையின் இறுதியில் பிறக்கும். ஆறு மாத அளவுள்ள துணியை அது போடும்போது குளிர்காலம் வந்திருக்கும். அந்த அளவில் கையில்லாச் சட்டை வாங்கினால் பெட்டியிலேயே கிடக்கும். டயப்பர்களை எல்லாரும் பிறந்த குழந்தை அளவிலேயே வாங்காமல் அடுத்தடுத்த அளவுகளிலும் வாங்கச் சொல்லுங்கள். தொட்டிலுக்குள் போடும் தலையணை, பொம்மை, பக்கவாட்டு மெத்தை ஆகியவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். குழந்தை தூங்கும் இடம் உறுதியான சமதளமாக, வேறு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவக் கழகத்தின் அறிவுரை. அமெரிக்காவில் பக்கவாட்டு மெத்தை விற்பனையை 2022இல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டார்கள்.

பிரசவம் ஆன முதல் மாதத்தில் சமைத்துக் கொண்டுவருகிறேன், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தேதி குறித்த சீட்டுகளை எழுதிக் கொடுப்பதும் பரிசுதான். எத்தனையோ பொம்மைகளைவிட அவருக்கு அது பெரிய உதவி.

கொசுத் தொல்லைக்கு?

தரையோரம் வீசும் மின்விசிறி. கொசுவால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. புகைச்சுருளின் நெடி கர்ப்பிணிக்கு ஆகாது.

நடுவில் அவர் களைத்துப்போய்ப் படுக்க விரும்பினால்?

படுக்கட்டும். அதற்காகவே ஓர் அறையை முன்கூட்டியே குளிர்வித்து, திரைச்சீலை இழுத்து, தலையணைகளோடு தயாராக வைத்திருங்கள். மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை பெரிய ரத்தக் குழாயை அழுத்தும் என்பதால் பக்கவாட்டில், குறிப்பாக இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லுங்கள். கேக் வெட்டுவது, எல்லோரும் சேர்ந்து படம் எடுப்பது போன்றவற்றை முதல் ஒரு மணி நேரத்துக்குள் வைத்துக்கொண்டால், அவர் எழுந்து போன பிறகும் விருந்தினர்கள் சங்கடமில்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். வழியனுப்பும் பொறுப்பை அழைத்தவர் ஏற்றுக்கொள்ளட்டும். யார் என்ன பரிசு தந்தார்கள் என்பதை ஒருவர் குறித்து வைத்துக்கொண்டால், நன்றி சொல்லும் வேலையைக் கர்ப்பிணி வேறொரு நாளில் நிதானமாகச் செய்துகொள்வார்.